ஒத்தைக்கு ஜோடி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இடதையும் வலதையும் தோல் பார்த்து ஜோடி சேர்ப்பது கிறிஸ்டினாவின் வேலை. ஜோடி கிடைக்காத ஷூவை அங்கே ஒத்தை என்பார்கள். ஜோடி வரும்வரை அது அலமாரியில் காத்திருக்கும்.

போன வருஷம், எந்த ஆர்டரிலும் இல்லாத பழுப்பு நிற இடது ஷூ ஒன்று வந்தது. அவள் காலளவு. அந்த வாரம்தான் அவள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனாள். மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரையில் மெல்லத் தேறி வேலைக்குத் திரும்பினாள். நன்றாகிவிட்டோமே என்று தை மாதம் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை, சோறு ருசிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை வலது வந்தது.

இடதைத் தூசியோடு எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். மாடு உயிரோடிருந்தபோது முள் கீறிய தழும்பு ஒன்று இடதில் தொடங்கி, கோடு பிசகாமல் வலதில் போய் முடிந்தது. இத்தனை பொருத்தமான ஜோடியை அவள் பார்த்ததே இல்லை. கண்ணை எடுக்க முடியவில்லை. இடது வந்த வாரம் தான் படுத்துவிட்டது நினைவுக்கு வந்தது.

"இன்னா கிறிஸ்டினா, ஒத்தைக்கு ஜோடி வந்துடுச்சா?" என்றாள் சூப்பர்வைசர் கமலம்.

"வந்துடுச்சுக்கா. எனக்கு அரை நாள் லீவு வேணும். மாத்திரைய நானே நிறுத்திட்டேன். டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்."

"போய்ட்டு வா. இத பெட்டில போட்டுடட்டுமா?"

"வேணாங்க்கா. பிரிச்சே வைங்க."

கிளம்பும் முன் வலதுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல் கதகதப்பாக இருந்தது. பிறகு, ஒரு வருஷமாக அலமாரியில் கிடந்த இடதுக்குள் கைவிட்டாள்.

அதன் சூடும் இன்னும் ஆறியிருக்கவில்லை.