பூட்டனின் எறிகட்டை

சுவரில் தொங்கிய பழைய போர் எறிகட்டையை எடுத்து, மனைவியின் அண்ணன் சகியுசாவிடம் நீட்டினார் நெமானி.

"எங்க பூட்டனோடது மச்சான். ஊர்த்தலைவர் முன்னால எல்லாரும் பாயில உட்கார்ந்து கவா குடிச்சா, இவரு மட்டும் நின்னுக்கிட்டே குடிப்பாராம். அவ்ளோ கம்பீரம்! நாளைக்கு ஊர்க்கூட்டத்துல பேசப்போறேன். சுவா மியூசியத்துல வேலை பாக்குறியே, இது எந்த ஊர் கட்டைன்னு பாத்துச் சொல்லு."

சகியுசா பிடியின் செதுக்கலைத் தடவிப் பார்த்தார். "கண்டவுத் தீவுல செஞ்சது."

"எங்க எதிரிங்க ஊராச்சே! சண்டையில பறிச்சிருக்காரு!" நெமானி துள்ளினார்.

"பறிக்கலை மாப்ளே. இது ஓடறவன் பின்பக்கத்தைக் குறிபாத்து எறியற கட்டை. பட்டவன் வீட்டுக்குத்தான் வந்து சேரும்."

நெமானியின் மனைவி மெரியோனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதான் மனுஷன் கடைசிவரைக்கும் உட்காரலையா!"