ஒட்டாத துண்டு

ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்த துப்பட்டாவிலிருந்து, அதை இறுக்கிய கையின் தோல்துகள்களைத் தமயந்தி சாதாரண செலோ டேப்பால்தான் ஒட்டி எடுத்தாள். ஆய்வகத்தில் அதுவும் தீர்ந்திருந்ததால், வீட்டு மேசையிலிருந்த சுருளைக் கொண்டுபோயிருந்தாள். இப்போது திரையில் ஓர் ஆணின் மரபணு. ஊழியர் யாராவது தொட்டுவிட்டார்களா என்று அவர்களின் மரபணுப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, எல்லா இடத்திலும் சரிபாதி அவளுடையதோடு பொருந்தியது. பெற்றவருக்கும் பிள்ளைக்கும்தான் அப்படிப் பொருந்தும். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் ஒருவன்தான். அவன் அந்த டேப்பைத் தொட்டிருப்பான். போன வாரம்கூட பார்சல் ஒட்டினானே. அதுதான், வேறொன்றுமில்லை. மணிக்கட்டில் இருக்கும் கீறல் பூனை பிறாண்டியதென்று அவனே சொன்னான். டேப் சுத்தமா என்று அறிய, துப்பட்டாவில் ஒட்டாத ஒரு துண்டையும் எப்போதும் கூடவே சோதனைக்குப் போடுவாள். அதன் முடிவு மட்டும் பாக்கி. அதிலும் இதே மரபணு இருந்துவிட்டால் போதும். இருபது வருடத்தில் முதன்முறையாக, தன் வேலையில் அழுக்கு இருக்கவேண்டும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

உதவியாளர் ஜெரால்டு கையில் தாளோடு சிரித்தபடி வந்தார்.

“வீட்டு டேப்புன்னு பயந்துட்டே இருந்தீங்களே மேடம்! பாருங்க, ஒண்ணுமே இல்ல. சுத்தம்.”