மூன்று கிளாஸ் தண்ணீர்

"இன்னைக்கும் தண்ணி நாறுதுங்க ஐயா. ரெண்டு கோடு."

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வீரசிங்கத்தின் மேசைமேல் மாரியாயி தண்ணீர்ப் போத்தலை வைத்தாள். மூன்று மாதமாகத் திங்கட்கிழமை தவறாமல் இதே வேலை. பிரிக்பீல்ட்ஸ் லைன் வீட்டுக் கிணற்றுச் சுவரில் தினமும் கரிக்கோடு போட்டு வந்தாள். லேசான நாற்றத்துக்கு ஒன்று, கடுமையாக இருந்தால் இரண்டு. பக்கத்து லோரிக் கம்பெனிக்காரர்கள் மண்ணுக்கடியில் புதைத்த டாங்கில் பெட்ரோல் நிரப்பினால், மறுநாள் கண்டிப்பாக இரண்டு கோடு விழும்.

அன்றைக்குக் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி சபாபதியையும் இன்ஸ்பெக்டர் வரவழைத்திருந்தார்.

"ஒரு நாத்தமும் கிடையாது சார். நானே மோந்து பாத்தேன்," என்றார் கிராணி. "முப்பது வீட்டுக்காரங்க அதைத்தான் குடிக்கிறாங்க. யாரும் வாயத் தொறக்கல. இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அவங்க வீட்டு ஆம்பளைங்கல்லாம் உங்ககிட்ட வேலை செய்றாங்க. எங்க வீட்டுல நான் ஒருத்திதான். பச்சப்புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க, கிணத்த மூடிட்டுக் குழா போடுங்க."

கிராணி கொடாக்கண்டன் என்றால் மாரியாயி விடாக்கண்டன்.

"எனக்கும் லேசா பெட்ரோல் மணக்குது," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா என்ர ஒரு மூக்கை நம்பி டாங்கைத் தோண்டச் சொல்லி எங்கட ஆபீஸ் துரை எழுதமாட்டார்."

"யாரோ சொல்லிக் குடுத்து இவ வந்து நடிக்கிறா சார். சோதிச்சுப் பாருங்க. சரியாச் சொல்லிட்டா நாளைக்கே தோண்டிக் காட்டுறோம்."

இன்ஸ்பெக்டர் உள்ளே போய் மூன்று கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டில் தெருக்குழாய்த் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். எது எதுவென்று அவருக்கு மட்டுமே தெரியும்.

"நான்தான் பிடிப்பேன். இவ ஏதாச்சும் தில்லுமுல்லு பண்ணுவா," என்ற கிராணி, ஒவ்வொரு கிளாசாக எடுத்து அவள் மூக்கருகே நீட்டினார். மாரியாயி அவரை முறைத்தபடியே மோந்தாள்.

"மூணாவது."

இன்ஸ்பெக்டர் கிளாசுகளை உள்ளே கொண்டுபோய் மாற்றி வைத்துக் கொண்டுவந்தார்.

"மொதலாவது."

இன்னும் இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார்கள். அவள் பிசகவே இல்லை. கிராணியின் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் தோண்டினார்கள். டாங்கின் அடியில் விரல் நுழையும் ஓட்டை, சுற்றிலும் பெட்ரோலில் ஊறிய மண். கிணற்றை மூடிவிட்டு லைனுக்குக் குழாய் போட உத்தரவானது.

புதுக் குழாயில் முதல்நாள் தண்ணீர் பிடிக்கும்போது, கம்பெனி டிரைவரின் மனைவி இராஜம்மா மாரியாயியின் காதோரம் வந்தாள்.

"யக்கா, தெனம் நாங்க மோந்து சொல்லுவோம், நீ கோடு போடுவ. அது சரி. அந்த வெஷக் காய்ச்சல் வந்ததுலேருந்து உனக்குத்தான் கருவாடு கருகினாக்கூடத் தெரியாதே. அங்க போயி எப்படிக்கா கரெக்டா சொன்ன?"

மாரியாயி நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நான் எங்கடி சொன்னேன்? கிணத்துத் தண்ணியக் கையில எடுக்குறப்பல்லாம் கிராணிதான் மூக்கச் சுளிச்சாரு."