குடித்துக் காட்டு

"மூடியத் தெறங்க."

அவள் திறந்தாள். பெண் போலீஸ் பாட்டிலருகே மூக்கைக் கொண்டுபோய், சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டாள்.

மண்ணெண்ணெய் இல்லை. அது தெரிந்துவிட்டது.

"என்னக்கா இது?"

"எங்க தெருக் கொழாத்தண்ணி."

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு நாள். இதே வாசலில் ஒருவர் மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொண்டதிலிருந்து எந்தப் பாட்டிலும் சும்மா உள்ளே போவதில்லை.

பாட்டில் வைத்திருந்தவளின் பின்னால் அவள் தெருவுப் பெண்கள் நின்றார்கள். மனு அவர்களில் ஒருத்தியான மாரிக்கனியின் கையில். முன்பும் கொடுத்த மனுதான். கலெக்டர் நகராட்சிக்கு அனுப்பினார். குடிக்கத் தகுந்த நீர்தான் என்று நகராட்சி பதில் எழுதியது.

அதனால்தான் இந்தத் தடவை பாட்டில்.

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. விட்டுருதேன்."

"இதையா?"

"தண்ணின்னு சொன்னா குடிச்சுக் காட்டணும். எல்லாருக்கும் அதான். இன்ஸ்பெக்டர் அந்தா நிக்காரு பாருங்க."

வரிசை நின்றுபோனது.

மாரிக்கனி காதருகே வந்தாள். "குடிச்சிருங்க மதினி. தெனமும் குடிக்கிற கழுததான."

"கொதிக்க வச்சுல்லா குடிக்கோம்."

"ஆமா, கொதிக்க வச்சா பன்னீராயிருதாக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். பெண் போலீசுக்கும் உதட்டோரம் இழுத்தது.

பாட்டில் வைத்திருந்தவள் சிரிக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் மகள் கிடக்கிறாள். கண்ணெல்லாம் மஞ்சள். பக்கத்துக் கட்டிலில் எதிர்வீட்டுக்காரி.

பாட்டிலை உதடுவரை கொண்டுபோனாள்.

இறக்கினாள்.

"நான் குடிச்சிட்டா, குடிக்கிற தண்ணின்னு ஆயிரும்லாம்மா."

பெண் போலீஸ் தரையைக் காட்டினாள்.

"அப்ப கீழ ஊத்திட்டுப் போங்க."

"அது முடியாது."

வரிசையிலிருந்து விலகி நின்றாள். மற்றவர்களை மனுவோடு உள்ளே அனுப்பினாள். மாரிக்கனி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வெயில் ஏறியது.

மனு கொடுக்க வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். திறந்து காட்டினாள். ஒரு பெரியவர் முகர்ந்து பார்த்தார்.

"எங்கூர்ல இதவிடக் கலங்கல்" என்றார், கொஞ்சம் பெருமையாக.

உள்ளே போனவர்கள் ரசீதோடு திரும்பினார்கள்.

"பாக்கோம்னு சொன்னாங்க மதினி."

"போன தடவயும் அதத்தான சொன்னாங்க."

"வாங்க, பஸ்சு போயிரும்."

"நீங்க போங்க. நான் வாரேன்."

யாரும் போகவில்லை. சுவரோரம் இருந்த துண்டு நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

மதியம் கூட்டம் வடிந்தது. அவள் பெண் போலீசிடம் கேட்டாள்.

"கலெக்டரய்யா எந்த வழியா வெளிய போவாரு?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் நின்ற இடத்தைப் பார்த்தாள். அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

உள்ளே ஒரு கார் கிளம்பும் சத்தம்.

அவள் நடுவாசலுக்குப் போய் நின்றாள். மூடியைத் திருகித் திறந்து, பாட்டிலைக் கார் வரும் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"அங்க நிக்காதீங்க."

பெண் போலீஸ் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்கிட்டு வாங்க. ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி நின்னுதான் ஏறும்."