மூன்றாவது ஓட்டை

“இன்னும் ரெண்டு இஞ்ச் குறைக்கணும்ணே.”

அனுசுயா பெல்ட்டை மேஜைமேல் வைத்தாள். சண்முகராஜ் அதைத் தொடவே இல்லை. நாலு மாதத்தில் இது மூன்றாவது தடவை; முந்தின இரண்டு தடவையும் கேள்வி கேட்காமல் வெட்டிக் கொடுத்திருந்தார்.

கம்பத்தில் தோல் பெல்ட் என்றால் சண்முகராஜ் கடைதான். பெல்ட்டைச் சுற்றிலும் தைத்துவிட்டு, பக்கிள் வரும் முனையில் மட்டும் ஒரு சாண் தைக்காமல் விட்டிருப்பார். ஆள் வந்ததும் அந்த முனையை வேண்டிய அளவு வெட்டி, பக்கிளை மாட்டி ஸ்குரு போட்டுக் கொடுப்பார். யாராக இருந்தாலும் மூன்றாவது ஓட்டையில் மாட்டுகிற மாதிரிதான் வெட்டுவார். அது அவர் கடைச் சட்டம்.

இந்தப் பெல்ட் அனுசுயாவின் புருஷன் முத்துப்பாண்டிக்குத் தைத்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். ஸ்டீயரிங்கில் தொப்பை இடிக்கும். அவருக்கு அளவெடுத்த அன்று வெட்டிப் போட ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

“இது யாரு இடுப்புக்கும்மா?”

“எங்க வீட்டுக்காரருக்குத்தான்.”

“பாண்டி இடுப்பு எனக்குத் தெரியாதா? இது அவருக்கு முக்கால்வாசிதான் சுத்தும்.”

அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். “வெட்டிக் குடுங்கண்ணே. நான் இங்கன வந்தது அவுகளுக்குத் தெரிய வேணாம்.”

சண்முகராஜுக்குச் சுருக்கென்றது. அவன் பாவம், மலையேறிப் போய் உழைக்கிறான். இவள் அவன் பெல்ட்டை எந்த ஒல்லிப்பயலுக்கோ அளவு பார்க்கிறாள்!

“இதுக்கு மேல வெட்டணும்னா தையலைப் பிரிக்கணும். அதெல்லாம் ஆகாது. வேணும்னா உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. அவர் முன்னாடி வெட்டுறேன்.”

அவள் கண் கலங்கிவிட்டது. பெல்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தியில் சண்முகராஜ் டீ வரவழைத்துக் குடித்தார்.

மறுநாள் காலை ஒருவர் வந்தார். தொளதொளவென்று சட்டை. நழுவுகிற பேண்ட்டை ஒரு கையால் பிடித்திருந்தார். “என்ன வேணும்?” என்று கேட்ட பிறகுதான் சண்முகராஜுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

“ஏப்பா பாண்டி! என்னப்பா இப்படி ஆயிட்ட?”

“வயித்துல கட்டிண்ணே. மதுரையில வைத்தியம் பாக்குறோம். வண்டிய விட்டு எறங்கி ஆறு மாசமாச்சு.”

முத்துப்பாண்டியின் இடுப்பில் அந்தப் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

“நாலாவது, அஞ்சாவது ஓட்டையில மாட்ட வேண்டியதுதானப்பா?”

“மொதல்ல அப்படித்தாண்ணே மாட்டுனேன். மாசத்துக்கு ஒரு ஓட்டை உள்ள போச்சு. அதப் பாத்துப் பாத்தே எனக்குச் சோறு எறங்கல. அப்புறம் ஒருநாள் மூணாவது ஓட்டைக்கே திரும்பி வந்திருச்சு. ‘பாத்தீகளா, உடம்பு தேறுது’ன்னா அனுசுயா. அன்னையிலருந்து மூணாவதுதாண்ணே.”

சண்முகராஜுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. நேற்று என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை பாடுபட்டு மறைத்ததை நாமே உளறிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

“ஆமாப்பா, தேறிட்டதான். முகத்துலயே தெரியுதே” என்றார்.

முத்துப்பாண்டி சிரித்தார்.

“நேத்து பெல்ட்டு வெட்டாமத் திரும்பி வந்திருச்சு. அப்பருந்து அவ பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கா. இன்னைக்கும் வருவாண்ணே. தையலைப் பிரிச்சாவது வெட்டிக் குடுத்துருங்க. எனக்கு எதுவும் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அவ நாலு வாய் சோறு திங்கிறா.”