மெரினாவுக்குப் போன மதகு சாவி

"இன்னாய்யா இது? புலியை அடிக்கப் போறியா?"

வண்டலூர் மிருகக்காட்சி சாலை வாசலில் பையைச் சோதித்த காவலாளி, புளிசாதத் தூக்குக்கு அடியிலிருந்து முழ நீள இரும்புக் கம்பி ஒன்றை உருவி எடுத்தார்.

"மதகு சாவி சார்" என்றான் சின்னராசு. "ஏரித் தண்ணி தொறக்குறது."

"இங்க எந்த ஏரிய தொறக்கப் போற?"

வரிசையே சிரித்தது. இந்த ஆளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல, சுவரில் வரைந்திருந்த ஒட்டகச்சிவிங்கியை ரசித்துக்கொண்டிருந்தாள் அவன் பெண்டாட்டி கனகா.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சின்னராசு நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து மூடி, கழனிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வேலை. கிளம்புகிற நாளெல்லாம் யாருக்காவது தண்ணீர் முறை வந்து நிற்கும். அப்படித் தள்ளித் தள்ளி, மகன் ஜெகன் பார்க்க ஆசைப்பட்ட சிங்கம் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும். மகள் அனுப்ரியா கடலுக்கென்று எடுத்து வைத்த கவுன் இப்போது அவள் பொம்மைக்குத்தான் பொருந்தியது.

காலையில் சிங்கம், மத்தியானம் புளிசாதம், சாயங்காலம் கடல் என்று பிள்ளைகள் போட்ட திட்டம் ஒருவழியாய் இன்றைக்குத்தான் கைகூடியது. அதிலும் நேற்று ஒரு குறுக்கீடு. நாற்று நட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்த பாண்டுரங்கன் வந்து நின்றார்.

"சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போப்பா. ஒரு நாள்தானே, நான் பாத்துக்கறேன்."

சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, கனகாவிடம் கிசுகிசுத்தான் சின்னராசு. "முறை தப்பித் தண்ணி திருப்புற ஆளு. இவரை நம்பி சாவிய குடுத்தா, நாம திரும்பி வரும்போது ஏரியில மீனெல்லாம் நடந்து போய்க்கினு இருக்கும்."

சாவி புளிசாதத்தோடு பயணம் புறப்பட்ட கதை அதுதான்.

காவலாளி மணியைப் பார்த்தார். "இங்க வெச்சிட்டுப் போ. வரும்போது வாங்கிக்கோ."

"யாருனா எடுத்துக்கினு பூட்டா சார்?"

"இத்த எடுத்துக்கினு போயி எவன்யா இன்னா பண்ணுவான்?"

"ஊர்ல ஒருத்தர் கீறாரு சார்."

கடைசியில் கனகாவும் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். சின்னராசு வாசல் மரத்தடியில் சாவியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். செல்போன் அடித்தது. பாண்டுரங்கன்!

"நெனச்சேன்" என்று துண்டித்தான். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தான்.

பிள்ளைகள் கூத்தாடிக்கொண்டு வந்தார்கள்.

"நைனா, சிங்கம் கொட்டாவி வுட்டுச்சி! வாய்க்குள்ள நம்ம வூடே போவும்!"

"கொரங்கு உன்னை வெசாரிச்சிது நைனா, ஏன் வரலன்னு" என்றாள் அனுப்ரியா.

"சொந்தக்காரங்கன்னா வெசாரிக்க மாட்டாங்களா?" என்று தூக்கைத் திறந்தாள் கனகா.

புளிசாதம் தீர்ந்தது. ரயிலேறி, பஸ் மாறி, மெரினா மணலில் கால் வைத்ததும் சின்னராசு வாய் பிளந்து நின்றான்.

"யம்மா... எம்மாந் தண்ணி! இதுக்கு மதகு எந்தப் பக்கம் கீது?"

பிள்ளைகள் மணலில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். அவனுக்கென்ன? ஆளுக்கொரு பள்ளம் தோண்டச் சொல்லி, மதகு சாவியால் மணலைக் கீறி வாய்க்கால் வெட்டி, வரப்பு போட்டு, அலை வந்ததும் உத்தரவு போட்டான்.

"மொத முறை அனுப்ரியா கயனிக்கு! டேய் ஜெகனு, வரப்பை ஒடைக்காத, முறை வந்தாத்தான் தண்ணி!"

பக்கத்திலிருந்த பட்டணத்துப் பிள்ளைகளும் பள்ளம் தோண்டிக்கொண்டு முறைக்கு நின்றார்கள். அப்போது மறுபடி போன்.

"எடுக்காத கனகா! சாவி கேப்பாரு."

"காலையிலேர்ந்து அடிச்சிக்கினே கீது" என்று அவள் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"சின்னராசு! அப்பாடா, எடுத்தியா? யோவ், பஸ்ஸு வந்துடுச்சின்னு பசங்க கூவுன அவசரத்துல, விடியக்கால இருட்டுல மதகை மூடுறதுக்குப் பதிலா முழுசா தொறந்து வுட்டுட்டு ஓடியிருக்க நீ!"

சின்னராசு கையிலிருந்த சாவி நழுவி மணலில் விழுந்தது.

"அண்ணே... உங்க நாத்து?"

"பாதி மெதக்குது, மீதி படுத்துக்கினு கீது. வுடு, மறுபடி நட்டுக்கலாம்."

அவன் குனிந்து சாவியைப் பொறுக்கினான். "இதுக்குத்தான் சாவி கேட்டு கூப்ட்டுக்கினு இருந்தீங்களா அண்ணே? நான் ஒரு மடையன். தோ, இப்பவே பசங்கள இட்டுக்கினு பஸ் ஏறிடறேன்."

பள்ளத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளின் முகமும் சுருங்கிப் போனது.

"சாவி யாருக்குய்யா வேணும்? மண்ணு மூட்டை போட்டு காலையிலியே அடைச்சிட்டோம்" என்று மறுமுனையில் கத்தினார் பாண்டுரங்கன். "எவனாச்சும் உனக்கு விஷயத்த சொல்லி, நீ பசங்கள பாதியில இழுத்துக்கினு ஓடியாந்துடப் போறியேன்னுதான் எனக்கு ஒரே பேஜாரு. வராத, பொழுது சாயற வரைக்கும் நல்லா ஆட வுட்டு இட்டுக்கினு வான்னு சொல்லத்தான் கூப்ட்டுக்கினே கீறேன்!"