ஐந்தாம் தேதி அண்ணன்

கடன் வாங்கியவரின் மானம் காக்கச் சட்டம் வந்தது. வந்திருப்பவர் வசூல்காரர் என்பது அவர் வாயால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிட்டால் மொத்தக் கடனும் ரத்து. அதனால் கடன் நிறுவனங்கள் வசூலுக்கு வீட்டுக்கொரு போலி உறவினரை ஒதுக்கின. செண்பகத்துக்குக் கிடைத்தது ஓர் அண்ணன், பெயர் ஞானவேல். மாதம் ஐந்தாம் தேதி ஆப்பிளும் பூவுமாக வருவார்.

இந்த ஐந்தாம் தேதி செண்பகத்தின் மகளுக்குக் காதுகுத்து. அது தெரியாமல் வந்து நின்றவரைப் பக்கத்து ஃப்ளாட் கோமதி பிடித்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே. தாய்மாமன் மடி இல்லாம ஆசாரி எம்புட்டு நேரம் உக்காந்திருப்பாரு?"

செண்பகம் தரையைப் பார்த்தாள். ஞானவேல் பாயில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையோடு குழந்தை மடியில் ஏறி அவர் சட்டைப் பையைத் துழாவியது.

"மாமன் போடுற கம்மல் எங்க?" என்றார் ஆசாரி.

கூடமே அவரைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் கடனோடு வேலையும் போய்விடும். ஞானவேல் தன் மோதிரத்தைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார்.

"இத மாத்திக் கம்மல் எடுத்துக்கம்மா."

ஆசாரி இப்போதைக்குத் தங்கக் கம்பியால் காது குத்தினார். குழந்தை ஞானவேலின் தோளைக் கடித்துக்கொண்டு அழுதது.

சாப்பிட்டுக் கிளம்பும்போது லிஃப்ட் அருகே, "தவணை..." என்று மெல்ல ஆரம்பித்தார். பின்னாலேயே கோமதி வெற்றிலைத் தட்டுடன் வந்துவிட்டாள்.

"பாத்துப் போய்ட்டு வாண்ணே," என்றாள் செண்பகம்.

அலுவலகப் படிவத்தில் 'வசூலாகாததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் ஞானவேல் எழுதினார்: எங்கள் வீட்டில் விசேஷம்.